கல்லூரி யாருடையது? டு பாய்ஸின் கடிதக் கட்டுகளை முன்வைத்து



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் புகழைப் பாடிவிட்டுக் கலைந்து போவது என்ற வழக்கம் நம் அரங்கில் இல்லை. இன்று நாம் யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர் வாய்ப்பேச்சை நம்பாதவர். விடுதியில் சோறு சரியில்லை என்று போனாலும், உதவித்தொகை வரவில்லை என்று போனாலும், “எழுதிக் கொடுத்தாயா? நகல் வைத்திருக்கிறாயா?” என்றுதான் முதலில் கேட்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்குள் நுழைகிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட பழம்பெரும் கல்லூரிகள் சிலவற்றில், ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நடந்த பூசல்களையும், அவற்றைச் சொல்லும் கடிதங்களையும் பற்றியது இந்தப் பொழிவு.

எங்கோ தூரத்து விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தக் கடிதக் கட்டுக்குள் நம் வீட்டுக் கடிதம் ஒன்றும் இருக்கிறது. 1946 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் டில்லியிலிருந்து டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். உங்கள் எழுத்துகளைப் படித்து வருகிறேன், கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டப்படாதோரின் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருக்கிறது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதிகள் எனக்கு வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மாதம் 31ஆம் தேதி டு பாய்ஸ் பதில் எழுதினார். இந்தக் கடிதப் பரிமாற்றத்தை நம் மேடைகளில் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விவரங்களை மட்டும் நாம் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியது 1945 ஜூலையில். அந்தக் கழகத்தின் முதல் கல்லூரியான சித்தார்த்தா கல்லூரி பம்பாயில் திறந்தது 1946 ஜூன் 20 அன்று. அதாவது, தனக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கிய சில வாரங்களில் அம்பேத்கர் இந்தக் கடிதத்தை எழுதுகிறார். கடிதம் போய்ச் சேர்ந்த டு பாய்ஸுக்கோ அப்போது வயது 78. தான் பாடுபட்ட கல்லூரியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வெளியே அனுப்பப்பட்டிருந்தார். ஒருவர் கல்லூரி கட்டுகிறார், இன்னொருவர் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டிருக்கிறார். இரண்டு கடிதங்களிலும் கல்லூரிப் பேச்சு இல்லை. அது மற்றக் கடிதங்களில் இருக்கிறது.

டு பாய்ஸ் தான் எழுதிய கடிதங்களின் கார்பன் நகலைப் பத்திரப்படுத்தியவர். வந்த கடிதங்களையும் தூக்கி எறியவில்லை. அவை இன்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாக நூலகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு லட்சம் ஆவணங்கள். இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். ஹெர்பர்ட் ஆப்தேக்கர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1970களில் மூன்று தொகுதிகளாகவும் வெளியிட்டார். டு பாய்ஸைத் தத்துவவாதியாக, போராளியாகப் படித்தவர்கள் இந்தக் கட்டுகளைப் புரட்டினால் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். சம்பளம், அறை, தட்டச்சாளர், பத்திரிகைக்கான அச்சுக்கூலி, விடுப்பு, ஓய்வூதியம் என்று சில்லறை விவகாரங்கள் பக்கம் பக்கமாக வரும். அந்தச் சில்லறையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

முதலில் இந்தக் கல்லூரிகள் எப்படி எழுந்தன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குப் பள்ளியும் கல்லூரியும் வேண்டியிருந்தது. மிஷனரி சங்கங்களும் அரசின் விடுதலையோர் அலுவலகமும் முன்வந்தன. ஜார்ஜியாவில் அட்லாண்டா 1865இல், டென்னசியின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் 1866இல், வாஷிங்டனில் ஹோவர்ட் 1867இல் பிறந்தன. ஃபிஸ்க் பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1871இல் அதன் மாணவர்கள் பாடகர் குழுவாக ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். முன்னோரின் அடிமைக்காலப் பாடல்களைப் பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான் அங்கே இன்றும் நிற்கும் ஜூபிலி மண்டபம். பிள்ளைகள் தொண்டை வறளப் பாடிக் கட்டிய கட்டடம். ஆனால் அந்தக் கல்லூரியின் ஆட்சிக்குழு நாற்காலிகளில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்தார்கள். தலைவர் பதவியில் ஒரு கறுப்பினத்தவர் அமர 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சார்ல்ஸ் எஸ். ஜான்சன். ஏறக்குறைய 80 ஆண்டு.

டு பாய்ஸ் 1888இல் ஃபிஸ்க்கில் பட்டம் பெற்றவர். அவருடைய மகளும் அங்கேதான் படித்தார். 1924 ஜூனில் பழைய மாணவர் என்ற முறையில் பேச அழைக்கப்பட்டபோது, தலைவர் ஃபயெட் மெக்கன்சி கேட்டிருக்கவே அவரைக் கண்டித்துப் பேசினார். மெக்கன்சி சாதாரண ஆளில்லை. வடக்கத்திய அறநிறுவனங்களிடமிருந்து 10 லட்சம் டாலர் நிலைநிதி திரட்டிக்கொண்டிருந்தவர். அதற்கு விலையாக நாஷ்வில் வெள்ளைக் கனவான்களின் மனம் கோணாதபடி வளாகத்தை ஒடுக்கி வைத்திருந்தார். மாணவர் மன்றம் கலைக்கப்பட்டது. மாணவர் இதழ் நிறுத்தப்பட்டது. கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் கிளைக்கு அனுமதி இல்லை. பெண்கள் எந்த உடை உடுத்துவது, யாரோடு பேசுவது என்பதற்கெல்லாம் சட்டம். டு பாய்ஸ் நியூயார்க் திரும்பியதும் நிறுத்தப்பட்ட மாணவர் இதழை அங்கிருந்தே அச்சிட்டார். மாணவர்கள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரிடமிருந்து கடிதங்களையும் வாக்குமூலங்களையும் திரட்டினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1924 நவம்பரில் மாணவர்கள் சிலர் அறங்காவலர்களைச் சந்தித்து முறைப்படி குறைகளைச் சொன்னார்கள். 1925 பிப்ரவரி 4 இரவு வளாகத்தில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. மெக்கன்சி நகரின் வெள்ளைக் காவலர்களை வளாகத்துக்குள் வரவழைத்தார். கைது செய்யச் சொல்லிச் சில மாணவர்களின் பெயர்களையும் கொடுத்தார். அந்த இரவு யார் என்ன செய்தார்கள் என்ற சாட்சியத்தைக்கொண்டு உருவான பட்டியல் அல்ல அது. நவம்பரில் அறங்காவலர் முன் நின்று பேசியவர்களின் பெயர்களே அதில் இருந்தன. குறைதீர்க்கும் குழுவிடம் வாயைத் திறந்தவன் பிறகு குற்றப்பட்டியலில் இருப்பது நம்மில் பலருக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மாணவர்கள் ஒடுங்கிவிடவில்லை. பத்து வாரங்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பலர் ஊருக்கே போய்விட்டார்கள். ஏப்ரலில் மெக்கன்சி பதவி விலகினார். அடுத்து வந்தவரும் வெள்ளையர்தான், என்றாலும் கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

ஹோவர்டின் கதை வேறு மாதிரி. அங்கே பணம் கொடுத்தது 1879 முதல் ஆண்டுதோறும் மத்திய அரசு. அதனால் காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னை மேலாளராக நினைத்துக்கொள்ள இடமிருந்தது. 1918இல் தலைவராக வந்த ஸ்டான்லி டர்க்கி ஒரு பாதிரியார். வந்த மறு ஆண்டே நிர்வாகத்தைச் சீரமைத்தார். அந்தச் சீரமைப்பில் கலை அறிவியல் புலத்தின் முதல்வர் பதவியே இல்லாமல் போயிற்று. அந்தப் பதவியில் இருந்தவர் கெல்லி மில்லர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தலைமுறையின் கணித ஆசிரியர், நாடறிந்த எழுத்தாளர். அவரை நீக்குகிறோம் என்று ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை எடுத்துவிட்டால் உட்கார்ந்தவர் தானாகவே தரையில் இருப்பார்.

வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சனுக்கு அங்கே ஒரே ஓர் ஆண்டுதான் தாக்குப்பிடித்தது. சோவியத் ரஷ்யா பற்றிய ஒரு சிறு வெளியீடு ஹோவர்ட் நூலகத்தில் இருப்பதை ஒரு செனட் உறுப்பினர் பிரச்சினையாக்கினார். டர்க்கி உடனே அதை அகற்றினார். உட்சன் வெளிப்படையாகக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மறுத்தார். 1920இல் வேலை போயிற்று. சில ஆண்டுகளில் கல்லூரிச் சம்பளத்தையே விட்டுவிட்டு, தான் தொடங்கிய வரலாற்றுக் கழகத்தையும் இதழையுமே வாழ்க்கையாக்கிக்கொண்டார். கறுப்பின வரலாற்று வாரத்தை 1926இல் அவர் தொடங்கினார். கல்லூரியை விட்டு வந்ததால்தான் இது நடந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது எளிது. நாம் அப்படிச் சொல்லப்போவதில்லை. வகுப்பறையில் இருந்திருந்தால் அவரிடம் படித்திருக்கக்கூடிய மாணவர்களின் இழப்பை யார் கணக்கெடுத்தது?

அலேன் லாக் 1912 முதல் அங்கே தத்துவம் கற்பித்தவர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினத்தவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். வெள்ளை ஆசிரியர்களுக்கும் கறுப்பின ஆசிரியர்களுக்கும் சம்பளத்தில் வேறுபாடு இருக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் சார்பில் வாதாடினார். 1925 மே மாதம் கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து மாணவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூனில் லாக்கும் வேறு மூன்று பேராசிரியர்களும் நீக்கப்பட்டார்கள். அவர் தொகுத்த புகழ்பெற்ற நூலான ‘புதிய நீக்ரோ’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஹார்லெம் மறுமலர்ச்சியின் அடையாள நூலைத் தந்தவருக்கு அந்த இலையுதிர் காலத்தில் வகுப்பறை இல்லை.

இங்கேதான் எங்களுக்கு மிகவும் பிடித்த கடிதம் வருகிறது. 1927 மே மாதத்தில் டு பாய்ஸ், ஹோவர்டின் அறங்காவலரான ஜெஸ்ஸி மூர்லாந்துக்கு எழுதியது. லாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்பது வேண்டுகோள். ஆனால் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். எனக்கும் லாக்குக்கும் நெருங்கிய நட்பு இல்லை, அவருடைய கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம்தான், இளைய தலைமுறையில் அவரைப்போல் பயிற்சி பெற்றவர் இல்லை, அவரை இழப்பது கல்லூரிக்குத்தான் நட்டம் என்று வாதிடுகிறார். நம் அமைப்புகளில் ஒருவருக்கு வேலை போனால், அவர் நம் அணியா, எதிர் அணியா என்று பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போடுகிறோம்? 1928இல் லாக் வகுப்பறைக்குத் திரும்பினார். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

அவர் திரும்ப முடிந்ததற்கு இன்னொரு காரணம், 1926இல் டர்க்கி போய் மொர்டிகாய் ஜான்சன் வந்திருந்தார். ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவர். 1960 வரை, 34 ஆண்டுகள். அவர் காலத்தில்தான் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் சட்டக் கல்லூரியைத் தூக்கி நிறுத்தினார். அங்கே படித்து 1933இல் வெளிவந்தவர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்று 1954இல் வந்த பிரௌன் வழக்குத் தீர்ப்புக்கு வாதாடியவர். ஆட்சிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. எனினும் ஜான்சனோடும் ஆசிரியர்கள் பலருக்குக் கடும் பிணக்கு இருந்தது. உயிரியல் அறிஞர் எர்னெஸ்ட் ஜஸ்ட் அவர்களில் ஒருவர். கறுப்பினத் தலைவர் வந்துவிட்டார் என்பதால் பூசல் முடிந்துவிடவில்லை.

இதை நாம் மழுப்பக் கூடாது. ஏனென்றால் அட்லாண்டாவில் டு பாய்ஸை வெளியேற்றியவரும் ஒரு கறுப்பினத் தலைவரே.

டு பாய்ஸ் அட்லாண்டாவில் இரண்டு முறை இருந்தார். முதல் முறை 1897 முதல் 1910 வரை. அந்தக் கல்லூரி ஏற்கெனவே கொள்கைக்கு விலை கொடுத்தது. ஆசிரியர்களின் வெள்ளைக் குழந்தைகள் கறுப்பினப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்ததற்காக, 1887இல் ஜார்ஜியா மாநிலம் ஆண்டுக்கு 8,000 டாலர் மானியத்தை நிறுத்திவிட்டது. கல்லூரி பணிந்து போகவில்லை. ஆனால் புக்கர் வாஷிங்டனை எதிர்த்து எழுதும் ஒரு பேராசிரியரை வைத்திருப்பதும் நன்கொடையைக் குறைக்கும் என்பது காலப்போக்கில் தெரிந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. தான் இருப்பது கல்லூரிக்குச் சுமை என்று டு பாய்ஸுக்கே புரிந்தது. போய்விட்டார்.

நண்பர் ஜான் ஹோப் தலைவரானதும், அவர் அழைத்ததால் 1930களில் திரும்பி வந்தார். சமூகவியல் துறைத் தலைவர். 1936இல் ஹோப் இறந்தார். அதோடு பாதுகாப்புப் போயிற்று. புதிய தலைவர் ரூஃபஸ் கிளெமென்ட்டோடும், அருகிலிருந்த ஸ்பெல்மன் கல்லூரியின் வெள்ளைத் தலைவரான ஃபிளாரன்ஸ் ரீடோடும் ஒத்துப்போகவில்லை. 1940இல் டு பாய்ஸ் தொடங்கிய ‘ஃபைலான்’ இதழுக்குப் பணம் ஒதுக்குவதிலேயே உரசல் தொடங்கியது. தெற்கத்தியக் கறுப்பின அரசுக் கல்லூரிகளையெல்லாம் இணைத்துப் பெரியதொரு சமூக ஆய்வுத் திட்டத்தை அவர் நடத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அறங்காவலர்கள் அவருக்கு ஓய்வு கொடுத்துத் தீர்மானம் போட்டார்கள். 1944இல் அவருக்கு 76 வயது. வயதானவருக்கு ஓய்வு கொடுத்தது தவறா என்று கேட்கலாம். விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்த விதியாக இருந்திருந்தால் தவறில்லை. முன்கூட்டிச் சொல்லவில்லை, கலந்து பேசவில்லை, ஓய்வூதியம் என்ன என்பதும் தெளிவாக இல்லை. கையில் சேமிப்பும் பெரிதாக இல்லை. பழைய மாணவர்களும் நண்பர்களும் எதிர்ப்புக் கடிதங்கள் எழுதிக் குவித்த பிறகே ஓராண்டுச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன.

டு பாய்ஸ் எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர் என்பதையும் இந்தக் கடிதங்கள் மறைக்கவில்லை. இறுமாப்பு, குத்தல், எதிராளியை ஒரே வாக்கியத்தில் மட்டம்தட்டும் பழக்கம் எல்லாம் இருக்கின்றன. கிளெமென்ட் பக்கத்து நியாயம் என்ன என்று கேட்க வேறு காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பகத்தில் பேசுபவர்கள் கடிதம் எழுதும் நிலையில் இருந்தவர்கள். விடுதிச் சமையலறையில் நின்றவர்களும் வளாகம் கூட்டியவர்களும் தலைவருக்குக் கடிதம் எழுதும் நிலையில் இருந்தார்களா? சேரியிலிருந்து வந்து படிக்கும் நமக்கு அந்த வெற்றிடம் முதலில் கண்ணில் பட வேண்டும்.

ஆனாலும் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. ஃபிஸ்க், ஹோவர்ட், அட்லாண்டா மூன்றிலும் நிர்வாகம் இழிசொல்லை எழுத வேண்டியிருக்கவில்லை. சீரமைப்பு, ஒழுங்கு, நிதி, வயது இவையே போதுமாக இருந்தன. இதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பொருத்துவது சிரமமில்லை. அம்பேத்கர் 1918இல் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானபோது, ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று சக ஆசிரியர்கள் முறையிட்டார்கள். அது பச்சையான தீண்டாமை. எதிர்க்க முகம் இருந்தது. நூறாண்டு கழித்து அதே வேலையைச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும்.

2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அனுப்பிய சுற்றறிக்கையை இங்குள்ள மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுக்காமல், ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்க வேண்டும் என்றது அது. சாதி என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. 13 புள்ளிச் சுழற்சியில் பட்டியல் சாதிக்குரிய முதல் இடம் ஏழாவது பணியிடம், பழங்குடிக்குரியது பதினான்காவது. ஆறு ஆசிரியர் மட்டுமே உள்ள துறைக்குள் நாம் கதவைத் தட்டவே முடியாது. கெல்லி மில்லரின் நாற்காலியை எடுத்த அதே கைவேலை. நாடு முழுவதும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு நாடாளுமன்றச் சட்டமாகவும் பல்கலைக்கழகமே மீண்டும் அலகானது. போராட்டம் வென்றது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் எந்தெந்தக் கல்லூரி எத்தனை விளம்பரம் கொடுத்தது, யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு என்ன பதில் வந்தது என்ற தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன? ரோகித் வெமுலாவின் இறுதிக் கடிதத்தில்கூட, ஏழு மாத உதவித்தொகையாக 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வர வேண்டியிருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. அவ்வளவு துயரத்திலும் தொகையை எழுதி வைத்தார்.

எனவே இந்தப் பொழிவின் பெயரால் நம் அரங்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. விண்ணப்பம், நினைவூட்டல், விளக்கம் கேட்கும் குறிப்பாணை, அதற்கு நீங்கள் கொடுத்த பதில், உதவித்தொகை தாமதத்துக்கு எழுதிய மனு, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில், ‘தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை’ என்று வந்த அறிவிப்பு ஆகியவற்றின் நகல்களைச் சேர்க்கிறோம். பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால் மறைத்துவிட்டுக் கொடுங்கள். தேதியையும் பெறுதல் முத்திரையையும் மட்டும் மறைக்க வேண்டாம். உறையை எறிந்துவிடாதீர்கள், அஞ்சல் முத்திரை அதில்தான் இருக்கும். எழுதத் தெரியாத பெற்றோர் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தால், யாரிடம், எந்த நாள், என்ன பதில் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். விடுதிச் சமையலரும் துப்புரவுப் பணியாளரும் சொல்வதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று வந்துவிடும். முதல் கோப்பில் நம் ஆசிரியர் தன் கல்லூரிக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் இருக்கும். அவருடைய குடும்பத்தார் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.